களப்பணி முடிந்தது, ஆய்வேடு எழுத வரவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியும். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடன் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. நான்காம் ஆண்டு. இரண்டு ஒன்றியங்களில் களப்பணி முடிந்து டேட்டா எல்லாம் கையில் இருக்கிறது. மூன்று இயல்கள் எழுதிக் கொடுத்தீர்கள். கைடு படித்துவிட்டு, "இது ரிப்போர்ட் மாதிரி இருக்கு, தீசிஸ் மாதிரி இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார். ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்ததால் ஆங்கிலம்தான் தடை என்று நினைக்கிறீர்கள். எழுத்தை எப்படி வளர்த்துக்கொள்வது, பணம் கொடுத்து யாரையாவது வைத்துத் திருத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நெறியாளராகவும் புறத்தேர்வாளராகவும் நிறைய ஆய்வேடுகளைப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கைடு சொன்னதில் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, கவனித்தீர்களா? இலக்கணம் சுத்தமாக இருந்தும் ரிப்போர்ட்டாகவே நின்றுபோன ஆய்வேடுகள் உண்டு. அங்கங்கே தடுக்கும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தேர்வாளரை உட்காரவைத்துப் படிக்கவைத்த ஆய்வேடுகளும் உண்டு. என்ன கண்டேன் என்பதைச் சொன்னால் அது அறிக்கை. நான் கண்டதை வைத்துப் பார்த்தால் இந்தத் துறையில் இதுவரை சொல்லப்பட்டதில் எது நிற்கும், எது நிற்காது என்று சொல்லும்போதுதான் ஆய்வேடு ஆகிறது. அதனால் நீங்கள் வளர்த்துக்கொள்ள வேண்டிய முதல் திறன், மற்றவர் கருத்துக்கு முன்னால் ஒரு நிலைப்பாடு எடுத்து அதைப் பத்தி பத்தியாகத் தாங்கிப் பிடிப்பது. மொழி அதற்குப் பின்னால் வரும்.

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். "என் ஆய்வேட்டைப் படித்து யார் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்?" என்ற கேள்விக்குத் தமிழிலேயே மூன்று வரியில் பதில் எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், "கடன் கொடுத்தாலே பெண்கள் முன்னேறுவார்கள் என்று நம்புகிறவர்கள்" என்ற அளவில் போதும். பதில் வரவில்லை என்றால் இயல்களைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. பதில் வரும் வரை டேட்டாவோடு உட்காருங்கள்.

சரி, இப்போது ரிவியூ ஆஃப் லிட்டரேச்சருக்கு, அதாவது முன்னாய்வுகளை மீள்பார்வை செய்யும் இயலுக்கு வருவோம். ஒரு ஆய்வேடு அறிக்கையாகச் சரிவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பக்கத்தில் இந்த இயல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு பத்தியும் ஒரு பெயர், ஓர் ஆண்டோடு தொடங்கும். அவர் எத்தனை பேரிடம் தகவல் எடுத்தார், என்ன கண்டுபிடித்தார் என்று ஐந்து வரி. அடுத்த பத்தியில் அடுத்த பெயர். ஐம்பது அறுபது ஆய்வுகள் கால வரிசையில் நிற்கும். கடைசியில், "மேற்கண்டவற்றிலிருந்து இந்தப் பகுதியில் இதுவரை ஆய்வு நடைபெறவில்லை என்பது தெரிகிறது" என்று ஒரு வரி. இரண்டு ஒன்றியங்களில் யாரும் ஆய்வு செய்யவில்லை என்பது ஆய்வு இடைவெளி ஆகாது. யாரும் போகாத ஒன்றியங்கள் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன.

உங்கள் தலைப்பிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1996-இல் வேர்ல்ட் டெவலப்மென்ட் என்ற ஒரே ஆய்விதழில், வங்கதேசப் பெண்களுக்கான கடன் திட்டங்களைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. கோட்ஸ், சென் குப்தா இருவரும் எழுதிய கட்டுரை, பெண்கள் பெயரில் வாங்கிய கடனில் கணிசமான பகுதி வீட்டு ஆண்களின் கட்டுப்பாட்டில் போய்விடுகிறது என்று காட்டியது. ஹஷேமி, ஷூலர், ரைலி மூவரும் எழுதிய கட்டுரை, கிராமீன் வங்கி, பிராக் என்ற தொண்டு நிறுவனம் ஆகியவற்றின் கடன் திட்டங்களில் சேர்ந்த பெண்களின் அதிகாரம் கூடியிருக்கிறது என்றது. நாட்டில் வேறுபாடு இல்லை, காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், முடிவுகள் மட்டும் எதிரெதிர். நம்முடைய வழக்கமான மீள்பார்வையில் இவை இரண்டும் அடுத்தடுத்த இரண்டு பத்திகளாக, ஒன்றையொன்று பார்க்காமலே நிற்கும். நைலா கபீர் 2001-இல் அதே இதழில் என்ன செய்தார் பாருங்கள். இந்த முரண்பாட்டையே தன் கேள்வியாக எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் கணவன் மனைவிக்கு இடையே அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதை இரு தரப்பும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டதே முரண்பாட்டின் முக்கிய வேர் என்று வாதிட்டார். அதோடு நிற்காமல், கடன் வாங்கிய பெண்கள் தாங்களே அதை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைக் கொண்டுவந்து எதிரே வைத்தார். முன்னாய்வுகளைப் படிப்பது என்றால் இதுதான். இந்த மூன்று கட்டுரைகளையும் வரிசையாகப் படியுங்கள், கடைசிக் கட்டுரையின் முதல் சில பக்கங்களை மட்டும் பென்சிலோடு திரும்பத் திரும்பப் படியுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள்: இது களத்தை அறிமுகப்படுத்துகிறது, இது ஒருவரை ஒப்புக்கொள்கிறது, இது ஒரு குறையைக் காட்டுகிறது, இது தன் வேலையை அறிவிக்கிறது. இப்படி ஒரு கட்டுரையைப் பிரித்துப் பார்த்தால், எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

இந்த நிலைப்பாடுகளுக்குப் பெயர் வேண்டும் என்றால் வெளியே தேட வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூல் எழுதுபவனுக்குரிய மதங்கள், அதாவது கொள்கை நிலைப்பாடுகள், ஏழு என்கிறார்:

எழுவகை மதமே உடன்படல் மறுத்தல்
பிறர்தம் மதமேற் கொண்டு களைவே
தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே
இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே
பிறர்நூற் குற்றம் காட்டல் ஏனைப்
பிறிதொடு படாஅன் தன்மதம் கொளலே

பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன இந்தச் சூத்திரம், நான் பார்த்தவரை, மீள்பார்வை இயலுக்கு மிகப் பயனுள்ள கருவி. நீங்கள் படித்த ஒவ்வொரு ஆய்வுக்கும் எதிரே, நான் இதை ஏற்கிறேனா, மறுக்கிறேனா, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு ஓரிடத்தில் விலகுகிறேனா, இருவர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணிகிறேனா என்று ஒரு சொல் எழுதுங்கள். எழுதி முடித்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, உங்கள் பட்டியலில் முக்கால்வாசி வெறும் உடன்படல். இரண்டு, எந்தச் சொல்லும் எழுத முடியாத ஆய்வுகள் நிறைய இருக்கும். எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை அவை, எடுத்துவிடுங்கள். மீதியைக் கால வரிசையை விட்டுவிட்டு, நிலைப்பாட்டின்படி அடுக்குங்கள். ஆய்வு மாணவருக்கு மிகவும் கைகொடுப்பது மூன்றாவது, பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பின் களைவது. "இவர் சொல்வது இந்த அளவுக்குச் சரி, ஆனால் இந்த இடத்தில் என் களம் வேறு காட்டுகிறது" என்ற அமைப்பில் மரியாதையும் இருக்கிறது, துணிவும் இருக்கிறது. ஏழாவது, யாரையும் சாராமல் தனிக் கொள்கை நாட்டுவது. முனைவர் பட்டத்துக்கு யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்து டேபிள்கள். "இட் இஸ் இன்ஃபர்டு ஃப்ரம் தி அபவ் டேபிள் தட்" என்று தொடங்கும் பத்தி உங்கள் இயலில் எத்தனை இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சமூக அறிவியல், வணிகவியல் ஆய்வேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் இந்த வாக்கியம் வரும். டேபிளில் இருக்கும் எண்களை அப்படியே வாக்கியமாக மாற்றி எழுதுவதற்கு ஆய்வாளர் தேவையில்லை. ஒரு பேச்சுக்கு இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

"அட்டவணை 4.7-இலிருந்து, பதிலளித்தவர்களில் 46 சதவீதத்தினர் கடனைத் தொழிலுக்கும், 31 சதவீதத்தினர் குடும்பச் செலவுக்கும், 23 சதவீதத்தினர் பழைய கடனை அடைக்கவும் பயன்படுத்தியுள்ளனர் என்பது தெரியவருகிறது. எனவே பெரும்பான்மையோர் கடனைத் தொழிலுக்குப் பயன்படுத்தியுள்ளனர்."

முதலில், 46 சதவீதம் பெரும்பான்மை ஆகாது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இந்த ஒரு சொல்லைப் பிடித்தே தேர்வாளர் பத்து நிமிடம் கேட்பார். அதைவிட முக்கியம், இந்தப் பத்தி யாரோடும் பேசவில்லை. இப்படி மாற்றலாம்:

"கடன் தொழிலுக்குப் போகும் என்பதே திட்டத்தின் எதிர்பார்ப்பு. இந்தக் களத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் அதைக் குடும்பச் செலவுக்கோ பழைய கடனை அடைக்கவோ பயன்படுத்தியிருக்கிறார்கள். இதைத் திட்டத்தின் தோல்வியாக உடனே எடுத்துக்கொள்ள முடியாது. பழைய கடனை அடைத்தவர்களில் பலர், வட்டிக்காரரிடமிருந்து விடுபட்டதையே முதல் ஆதாயமாகச் சொன்னார்கள். கடன் எதில் செலவானது என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்த ஆதாயம் கணக்கில் வராது."

எண்கள் அவையேதான். ஆனால் முதல் வாக்கியம் ஓர் எதிர்பார்ப்பை வைக்கிறது, இரண்டாவது அதைச் சான்றோடு மோதவிடுகிறது, மூன்றாவது வாசகர் அவசரப்பட்டுப் போகக்கூடிய முடிவைத் தடுக்கிறது, நான்காவது நேர்காணல் சான்றைக் கொண்டுவருகிறது, ஐந்தாவது முன்னாய்வுகளின் அளவுகோலையே கேள்வி கேட்கிறது. பத்தி ஒன்றுக்கு ஒரு வாதம், அதற்குச் சான்று, அதற்கு எல்லை. இந்த மாதிரி ஒரு பத்தியை உருப்படியாக எழுதத் தெரிந்துவிட்டால் இயல் எழுதுவது அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். வாரத்துக்கு ஒரு டேபிளை எடுத்துக்கொண்டு இப்படி மாற்றிப் பழகுங்கள். சொல்வதற்கு ஒன்றுமில்லாத டேபிள்களைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடுங்கள். வயது, சாதி, கல்வி, குடும்ப அளவு என்று தனித்தனியாக இருக்கும் டேபிள்களை ஒரே டேபிளாக்கி ஒரு பத்தியில் முடிக்கலாம்.

வினைச்சொற்களில் கவனம் வேண்டும். "நிரூபிக்கிறது" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உங்கள் டேட்டா காட்டுகிறது, சுட்டுகிறது, இப்படி ஒரு வாய்ப்பு உண்டு என்கிறது. குழுவில் சேர்ந்த பெண்களுக்கு வருமானம் கூடுதலாக இருக்கிறது என்பது ஒன்று, சேர்ந்ததால் கூடியது என்பது வேறொன்று. ஏற்கெனவே கொஞ்சம் வசதியான பெண்கள்தான் குழுவில் சேர்ந்தார்களோ என்ற கேள்வியைத் தேர்வாளர் கேட்பதற்கு முன் நீங்களே உங்கள் பத்தியில் கேட்டுவிடுங்கள்.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் நன்னூல் அதே பாயிரத்தில் சொல்கிறது. அவற்றில் நான்கை உங்கள் வரைவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். கூறியது கூறல்: சுய உதவிக் குழுவின் வரையறை முதல் இயலிலும் இரண்டாம் இயலிலும் நான்காம் இயலிலும் வருவது. மற்றொன்று விரித்தல்: மாவட்டத்தின் மழையளவும் கோயில்களும் பற்றிப் பல பக்கம் எழுதுவது. வெற்றெனத் தொடுத்தல்: பொருளில்லாமல் சொற்களை அடுக்குவது. "இன்றைய உலகமயச் சூழலில் பெண்களின் பங்கு இன்றியமையாத ஒன்றாகக் காணப்படுகிறது" போன்ற தொடக்கம் எல்லாம் இதில் சேரும். சென்று தேய்ந்திறுதல்: முடிவுரை இயல் எட்டுப் பக்கத்தில், ஏற்கெனவே எழுதிய ஃபைண்டிங்ஸையே எண் போட்டு மறுபடி எழுதி, அரசுக்குச் சில பரிந்துரைகளோடு மங்கிப்போவது. புறத்தேர்வாளராக ஆய்வேடு கைக்கு வந்ததும் நான் முதலில் திறப்பது முன்னுரையின் கடைசிப் பக்கங்களையும் முடிவுரையையும்தான். முன்னுரையில் கேட்ட கேள்விக்கு முடிவுரையில் பதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதனால் முடிவுரைக்கு உங்கள் நல்ல நாட்களை ஒதுக்குங்கள். கடைசி வாரத்துக்கு விட வேண்டாம்.

எந்த வரிசையில் எழுதுவது? முதல் இயலிலிருந்து தொடங்காதீர்கள். ஆய்வு முறையியல் முதலில். களத்தில் என்ன செய்தீர்கள் என்பது இப்போதுதான் நினைவில் பசுமையாக இருக்கும், எழுத எளிது. அப்புறம் உங்களுக்கு மிக உறுதியான சான்று இருக்கும் இயல். முன்னுரை கடைசியில். ஓர் இயல் வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே, அது என்ன வாதிடுகிறது என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். அந்த வரிகளை மட்டும் தனியாக எடுத்து வரிசையாகப் படித்தால் வாதம் எங்கே அறுபடுகிறது என்று பளிச்சென்று தெரியும். வரி எழுத முடியாத பத்தி இருந்தால் அதை வெட்டலாம்.

மேற்கோள் விஷயம். 2018-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகக் காட்டிய மேற்கோள்களும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் வராது. இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துதான் மாணவர்கள் சொல் மாற்றும் கருவிகளுக்குப் போகிறார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வுநிலை) என்றும், 'ப்ரெஸ்ட் கேன்சர்' என்பது 'புஸம் பெரில்' (மார்பு ஆபத்து) என்றும் மாறி அச்சேறிய ஆய்வுக் கட்டுரைகளை 2021-இல் ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து வெளியிட்டார்கள். ஒப்புமைச் சிக்கல் பெரும்பாலும் குறிப்பெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. நோட்டில் எது அவர் வாக்கியம், எது உங்கள் வாக்கியம் என்று தெரியாமல் போவதுதான் காரணம். அவர் சொன்ன வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் பக்க எண்ணோடு எழுதுங்கள். அவர் கருத்தை உங்கள் சொல்லில் எழுதும்போது கட்டுரையை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். உங்கள் கருத்துக்கு வேறு நிற மை. மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள உதவும் ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசம், இன்றே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஆங்கிலம். தமிழில் யோசிப்பதை விட்டுவிடச் சொல்லுவார்கள், கேட்காதீர்கள். வாதத்தை முதலில் தமிழில் ஐந்தாறு வாக்கியமாகப் பேசி போனில் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டுவிட்டு, வரிக்கு வரி பெயர்க்காமல், அதே வாதத்தைச் சிறிய ஆங்கில வாக்கியங்களில் புதிதாக எழுதுங்கள். பதினைந்து இருபது சொல்லுக்குள் வாக்கியம் முடியட்டும். எழுவாய் யார் என்று தெரிய வேண்டும். நல்ல கட்டுரைகளில் ஒருவரை மறுக்கும் வாக்கியம், எல்லை வகுக்கும் வாக்கியம், சான்றைக் கொண்டுவரும் வாக்கியம் எப்படி அமைந்திருக்கின்றன என்று தனி நோட்டில் சேருங்கள். எடுத்துக்கொள்வது அமைப்பை மட்டுமே, உள்ளடக்கத்தை அல்ல. எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி என்ற வார இதழ் உங்கள் துறைக்கு நல்ல பயிற்சிக்களம், தெளிவான ஆங்கிலத்தில் இந்தியக் களங்களைப் பற்றி எழுதுகிறவர்களை அங்கே பார்க்கலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் உங்கள் தலைப்பில் ஆய்வேடுகள் கிடைக்கும். அவற்றை என்ன ஆய்வு நடந்திருக்கிறது என்று அறியப் படியுங்கள், நடைக்கு முன்மாதிரியாக எடுக்க வேண்டாம். பட்டம் கிடைத்த ஆய்வேடு எல்லாமே நன்றாக எழுதப்பட்டவை அல்ல. கைடு திருத்திக் கொடுக்கும் பிழைகளையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாலைந்து பிழைகளே மாறி மாறி வருகின்றன என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றம் காட்ட வேண்டும் அல்லவா, அதற்கு வெறும் பிபிடியோடு போகாதீர்கள். ஐந்து பக்கம் முழு வாக்கியங்களாக எழுதி ஒரு வாரம் முன்னதாக உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். புள்ளி வைத்து அடுக்கிய ஸ்லைடில் வாதத்தின் ஓட்டை தெரியாது, பத்தியில் தெரிந்துவிடும். கூடவே இரண்டு சக ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் பக்கத்தை மற்றவர் சத்தமாகப் படியுங்கள். வேறு துறைக்காரர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது, புரியவில்லை என்று தயங்காமல் சொல்வார். சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற தேசிய அளவிலான கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழக விதி என்ன என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் ஓர் இயலைக் கட்டுரையாக்கி நல்ல இதழுக்கு அனுப்பச் சொல்வேன். மறுத்து அனுப்பினாலும் மதிப்பீட்டாளர் குறிப்பு கிடைக்கும். காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் அச்சிடும் இதழ்களில் அது கிடைக்காது.

கடைசியாக, பணம் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். மொழித் திருத்தத்துக்குத் தாராளமாக ஆள் வைக்கலாம். முழு வரைவும் கைடிடம் ஒப்புதல் பெற்ற பிறகு, இலக்கணம், நிறுத்தக்குறி, வாக்கியத் தெளிவு ஆகியவற்றுக்கு மட்டும். மாற்றங்கள் தெரியும்படியான கோப்பாகக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். பொருள் மாறிய இடங்கள் நிச்சயம் இருக்கும். நன்றியுரையில் அவர் பெயரைச் சொல்லுங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றுக்கும் இதே எல்லைதான், அதுவும் உங்கள் பல்கலைக்கழகம் அனுமதித்தால், பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்லி. அது தரும் நூற்பட்டியலை நம்பவே வேண்டாம், இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் எழுதித் தரும். "டேட்டா கொடுங்க, இயல் எழுதித் தரோம்" என்று பல்கலைக்கழக வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் பக்கம் போகாதீர்கள். அந்தப் பெண்கள் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, உங்களோடு திண்ணையில் உட்கார்ந்து தங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள். அதில் எது முக்கியம் என்று முடிவு செய்வதுதான் எழுத்து. களத்துக்கே போகாத ஒருவரிடம் அந்த முடிவை விட முடியாது. அட்டவணை 4.7-ஐப் போல உங்களிடம் இருக்கும் ஒரு டேபிளை எடுத்து, இந்த வாரம் ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.